யானை வரும் நேரம் ஐந்து பத்து: ஸ்ரீமதுரைப் பக்கம் கேரவனை நிறுத்திய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதும் பதிவு. முதுமலைப் பக்கம் கேரவனில் போகிறவர்கள் எங்கே நிறுத்தித் தங்குவது என்று என்னைப் போலவே இணையத்தைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

என் கணவர் சண்முகத்துக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகி ஒரு வருடமாகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தால் தேவலை. ஈரோட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்து இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்காத குறைதான். கோவையில் ஒருவர் டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்ததும், செப்டம்பர் இரண்டாம் வாரம் சனி முதல் திங்கள் வரை எடுத்துவிட்டோம். டிரைவரோடு நாளுக்கு ஒன்பதாயிரம், டீசல் தனி. டிரைவர் ரஃபீக் பாயின் குடும்பம் ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறது. மலை ரோடு அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

நிறுத்துவதற்கு மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருந்தேன். ஊட்டியில் ஒரு லாட்ஜின் பின்பக்கம், இரவுக்கு எண்ணூறு ரூபாய், ஆனால் சரிவு. குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி முற்றம், ஆயிரத்து இருநூறு, கரண்டும் தண்ணீரும் உண்டு, கூடவே மெஷின் சத்தமும் உண்டு. மூன்றாவது, கூடலூரைத் தாண்டி ஸ்ரீமதுரைப் பக்கம் காட்டை ஒட்டி ஒரு கேம்ப், மூவாயிரத்து எண்ணூறு. அதற்கு வந்திருந்த விமர்சனங்கள் எல்லாம் ஐந்து நட்சத்திரம். ‘யானை கட்டாயம் வரும்’, ‘மாலை ஐந்து பத்துக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். யானை என்ன டவுன் பஸ்ஸா, நேரத்துக்கு வந்து நிற்க? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை, பணத்தைக் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கோவையை விட்டுக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர். அதைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் இ-பாஸையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இந்த இருபத்திரண்டு அடி வண்டி மெதுவாகத்தான் ஏறும், அதனால் குன்னூர் போக எட்டே முக்கால் ஆனது. டீ குடிக்க நிறுத்தினால் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர். “ஏனுங்க, உள்ள எந்த நடிகருங்க?” என்று ஒருவர் ரஃபீக் பாயிடம் கேட்டார். “முதுகு வலிக்காரருங்க” என்றார் அவர். படுத்தவாக்கில் சண்முகம் கையை ஆட்ட, அதையும் போனில் படம் பிடித்தார்கள். ஊட்டியில் சாப்பாடு முடித்து, கூடலூர் வரை ஐம்பது கிலோமீட்டர் இறங்கி, கேம்ப்புக்குள் நுழைந்தபோது மாலை மூன்றரை.

இடம் அழகுதான், அதில் பொய் இல்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நல்ல சமதளம், வண்டிச் சக்கரத்துக்குக் கல் கூட வைக்க வேண்டியிருக்கவில்லை. கீழே ஒரு பள்ளம், அதற்கு அப்பால் காடு. “மேடம், ஃபைவ் டென்னுக்கு ரெடியா இருங்க” என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். முப்பது வயது இருக்கும். நான்கு மணிக்கு ஒரு ஆள் பள்ளத்தில் சாக்கைக் கவிழ்த்து வெள்ளையாக எதையோ கொட்டினான். பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், சுத்தமான இடம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். ரஃபீக் பாய் அப்போது முன் சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சொன்னபடியே ஐந்து பத்துக்கு இரண்டு பெரிய யானைகள், ஒரு குட்டி. முக்கால் மணி நேரம் அந்தப் பள்ளத்தை விட்டு நகரவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு சண்முகம் வாய்விட்டுச் சிரித்தார். டீ டம்ளர் முன்னால், யானை பின்னால் என்று ஒரு படம் எடுத்தேன். ஓரத்தில் ஏதோ துணி காய்வது போல் தெரிந்ததை வெட்டிவிட்டு, ஐந்து நட்சத்திரமும் கொடுத்து, நேரத்தையும் எழுதிப் போட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால், நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், பெரிய மூட்டையை அவிழ்த்து மேனேஜர் காலடியில் தேயிலைக் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வெந்துபோனது போல் கறுத்த கொழுந்து.

“பாருங்க நல்லா. நேத்து முழுக்க எடுத்த கொழுந்து. அஞ்சேகாலுக்குத் தலையில மூட்டையோட வாரேன், ஒங்க பள்ளத்துல மூணு நிக்குது. தலையில மூட்டை இருந்தா திரும்பிப் பாக்க ஏலுமா? கீழ போட்டுட்டு மரத்துக்குப் பின்னால மூச்சு விடாம நின்னேன். கொழுந்து லாரியும் போயிருச்சு. உப்பு போடாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?”

“காட்டோரம்னா யானை வரத்தான்க்கா செய்யும்” என்றார் மேனேஜர்.

“வரும். எங்கப்பா காலத்துல இருந்து வருது தானே. வந்தா போயிரும். இப்ப நிக்குதே, அதை நிக்க வச்சது யாரு?”

ரஃபீக் பாய் பள்ளத்தில் இறங்கிப் போய், விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “கல்லுப்புங்க. யானைக்கு இதுன்னா உசுரு. தெனமும் போட்டாப் பழகிக்குமுங்க. இந்த எடம்னு எங்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்” என்றார். கேட்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த நட்சத்திரங்களை நம்பினேன், கூடவே வந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குள் சண்முகம் நான் வெட்டுவதற்கு முன்னால் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். துணி இல்லை அது. மரத்தை ஒட்டி நின்றவளின் முந்தானை. காலடியில் மூட்டை. யானைக்கும் அவளுக்கும் இடையே இருபதடி கூட இருக்காது. நான் டம்ளரைச் சரியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பெயர் சரஸ்வதி. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கேம்ப்புக்குப் பின்னால் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து லாரி நிற்கும் ரோட்டுக்கு முன்பு மேலே ஒரு வழி இருந்ததாம். அதை இவர்கள் வேலி போட்டு அடைத்து, நிரவி, வண்டி நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். நான் புகழ்ந்த சமதளம் அதுதான். அவளுடைய வழியின் மேல்தான் நாங்கள் இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறோம். இப்போது அவளுக்கு மிச்சம் இருப்பது பள்ளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை மட்டும்.

மேனேஜரிடம் போய் நன்றாகக் கேட்டேன். என் குரல் கேட்டு கூடாரங்களில் தங்கியிருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். “மேடம், கெஸ்ட்டுங்க கேக்குறதத்தான் குடுக்குறோம். நீங்களே நேத்து ஃபைவ் ஸ்டார் போட்டீங்க” என்றார். அறைந்தது போல் இருந்தது. ஆத்திரத்தில் பாதி அந்த ஆள் மேல், பாதி என் மேல். வனத்தில் வாழும் விலங்குக்கு இப்படி ஆசை காட்டுவது சட்டப்படி குற்றம் என்று சொன்னதற்கு, தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது இரவுக்குக் கட்டிய பணத்தை நான் கேட்கவும் இல்லை.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கேட்டில் எதிரே ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள். “நீங்கதானே அந்த டீ டம்ளர் போட்டோ அக்கா? அதைப் பாத்துட்டுத்தான் ராத்திரியே புக் பண்ணோம்!” நான் இறங்கிப் போய் உப்பையும் சரஸ்வதியையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயோ பாவம்” என்றாள். பிறகு, “யானை இன்னிக்கும் வருமில்ல?” என்று கேட்டாள். கூடலூரில் வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். வெட்டாத படத்தையும் காட்டினோம். வாங்கிக்கொண்டார்கள், பார்ப்போம்.

அன்று இரவு குன்னூர் டீ ஃபேக்டரி முற்றம். மெஷின் சத்தம் இருக்கத்தான் செய்தது. அதிலும் நன்றாகவே தூங்கினோம்.

இனி, போகிறவர்களுக்கு. கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். கேஸ் சிலிண்டரைக் கோவையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ‘மிருகம் கட்டாயம் வரும்’ என்று எவன் சொன்னாலும், எப்படி வரவைக்கிறாய் என்று கேளுங்கள். நிறுத்தும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதை, விற்பவரிடம் அல்ல, பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

நேரங்களைத் துல்லியமாக எழுதுவது இந்த வலைப்பூவின் வழக்கம். கேம்ப்பிலிருந்து கிளம்பும்போது சரஸ்வதியிடம் போய், போட்ட படத்தையும் விமர்சனத்தையும் நீக்கிவிட்டேன், நடந்ததை எழுதப்போகிறேன் என்றேன். “யானை எத்தனை மணிக்கு வரும்னு எழுதினீங்க தானே? நான் எத்தனை மணிக்கு வருவேன்னும் எழுதுங்க” என்றாள்.

எழுதுகிறேன். யானை வருவது ஐந்து பத்துக்கு. சரஸ்வதி வருவது ஐந்தே காலுக்கு, தலையில் மூட்டையோடு, திரும்பிப் பார்க்க முடியாமல்.