நான் அணைத்த ஒன்பதாம் நம்பர் கணினி

ரயில் பாதையை அகலப்படுத்த மூடி வைத்திருந்த ஆண்டுகள் அவை. முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் சிதம்பரம் போய் வந்தேன். அங்கே ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டர் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு. காலையில் கணினிகளைத் துடைத்துப் போட வேண்டும். மாலையில் அணைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. பேசுவதற்கே கூச்சம்.

அங்கே பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த ஒரு மேடம் இருந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அண்ணே என்பார். ஜன்னலோரத்து ஒன்பதாம் நம்பர் கணினி அவருடையது. ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே, "என்னா மேடம், மாசக்கணக்கா இதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு காது சூடாகிவிட்டது.

"நாம ஃபைல்ல எழுதுறது உடனே டிஸ்குக்குப் போயிடாது அண்ணே. டிஸ்க் ரொம்ப மெதுவு. அதனால மொதல்ல மெமரியில பக்கம் பக்கமா வச்சுக்கும். நேரம் பாத்து அப்புறமா டிஸ்குல எழுதும். இன்னும் எழுதாம நிக்கிற பக்கத்துக்கு அழுக்குப் பக்கம்னு பேரு."

"அழுக்குன்னா தொவைக்கணுமா மேடம்?"

சிரித்துவிட்டார். "டிஸ்குல எழுதிட்டா சுத்தமாயிடும். மெமரியில எடம் பத்தலன்னா சுத்தமான பக்கத்தத் தூக்கிப் போட்டுடலாம், டிஸ்குலதான் இருக்கே. அழுக்குப் பக்கத்த எழுதாம விட்டா போச்சு. எத வச்சுக்கறது, எத எப்ப எழுதுறதுன்னு முடிவு பண்றது கெர்னல். கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்தையும் மேய்க்கிற ப்ரோக்ராம் அது. அந்த முடிவத்தான் மாத்திப் பாக்குறேன்."

எழுதுவதைச் சற்றுத் தள்ளிப் போட்டால், ஒரு பக்கத்தைப் பத்து முறை திருத்தினாலும் டிஸ்கில் ஒருமுறை எழுதினால் போதும். அதுதான் அவர் யோசனை. அன்று மாலை, குடிகாட்டு ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைச் சாத்தும்போதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டுக்கான கெடுவை அவருக்கு ஒருமுறை நீட்டித்துவிட்டார்கள். இன்னொரு முறை கிடையாது. கடைசிச் சோதனை மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும் என்றார். இரண்டு மாலை ஒன்பதாம் நம்பரைத் தொடாமல் பூட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானமே முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அன்று மாலை பார்த்தேன். திரை கருப்பாக இருந்தது. எங்கள் லேபில் வேலை முடிந்தவர்கள் திரையை அணைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் எனக்கு அடையாளம். மற்றவற்றோடு அதன் சுவிட்சையும் அணைத்தேன்.

அப்புறம்தான் நாற்காலியில் அவருடைய கைப்பை தெரிந்தது. சோதனை முடியவில்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறார். உடனே மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

திரும்பி வந்தவர் திரையைப் போட்டுப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தானா ரீஸ்டார்ட் ஆயிருக்கு. கெர்னல் விழுந்துடுச்சு அண்ணே. நான் மாத்துனதுல எங்கயோ தப்பு." சோதனை முடிவு எழுதும் ஃபைலைத் திறந்தார். கடைசிப் பகுதி இல்லை. மெமரியில் நின்ற பக்கங்களோடு போயிருந்தது. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

மறுநாள் வாட்ச்மேனிடம் மட்டும் சொன்னேன். "வாயத் தொறக்காத மச்சான்," என்றார். "யாரு பாத்தா? படிச்சவங்க, அவுங்களே கண்டுபுடிச்சிக்குவாங்க. நீ போயி மாட்டிக்காத."

மேடம் கண்டுபிடிக்கவில்லை. இல்லாத தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு நாள் தன் ப்ரோக்ராமை வரிவரியாகத் தேடினார். கண் வீங்கியிருந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பிப் போயிற்று. ஐந்தாம் நாள் காகிதங்களைக் கட்டிக்கொண்டே, "இந்த யோசனையே சரியில்லண்ணே. எங்க விழுதுன்னே தெரியல. விட்டுடலாம்னு இருக்கேன்," என்றார்.

"அது விழல மேடம்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நாந்தான் ஆஃப் பண்ணேன். ஸ்க்ரீன் கருப்பா இருந்துச்சு, முடிஞ்சிடுச்சுன்னு நெனைச்சேன். பைய பாத்த பின்னாடி நானே மறுபடி போட்டேன்."

கையிலிருந்த காகிதக் கட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்தும் கொண்டிருந்தார்.

"பாவி அண்ணே! அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு வேள சோறாவது தின்னிருப்பேன்ல."

"திட்டுங்க மேடம்."

"அப்புறம் திட்டுறேன். மொதல்ல இந்தக் கட்டப் பிரிங்க."

அன்றே சோதனையைத் திரும்ப ஓட்டினார். மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டை அந்தக் கணினி பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். துணியைக்கூட அதன் கிட்டே கொண்டுபோகவில்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்னா மச்சான், அடை காக்குறியா?" என்றார்.

முடிந்தபோது மேடம் என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒரு சீட்டில் இங்கிலீஷில் நாலு எழுத்து எழுதிக் கொடுத்தார். இதை அடித்தால் காத்து நிற்கிற பக்கமெல்லாம் டிஸ்குக்குப் போய்விடுமாம்.

"இல்ல மேடம், நீங்களே..."

"நீங்கதான் அடிக்கணும்."

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். கடைசியில் பெரிய பொத்தானை அழுத்தினேன். கணினிப் பெட்டியின் சின்ன விளக்கு படபடவென்று மின்னியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. விளக்கு நிற்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.

"எடுங்கண்ணே," என்றார். "போய்ச் சேந்துடுச்சு."