வெங்காயப் பட்டறையின் தார்ப்பாய்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் நான் வேலை பார்க்கும் எடை மேடையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். எடையை மெஷின் பார்த்துக்கொள்ளும். என் வேலை, லாரியைச் சுற்றி வந்து தார்ப்பாய் முழுக்க மூடியிருக்கிறதா, கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. மூடாத லாரியை வெளியே விட மாட்டோம். பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் கல் தெறித்தால் யார் பொறுப்பு என்பதற்கு விதி இருக்கிறது, தண்டம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. ஒவ்வொரு லாரியிலும் அந்த முரட்டுத் துணியைத் தொட்டுப் பார்க்கும்போது எனக்கு அண்ணியின் தார்ப்பாய் ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும். இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

அண்ணியின் தார்ப்பாயும் லாரித் தார்ப்பாய்தான். ஒரு டிரைவர் புதுசு வாங்கிவிட்டுப் பழசைத் தள்ளிவிடப் பார்த்தபோது நான் வாங்கி, பஸ் மேல் போட்டுக் கொண்டுபோய் ஊரில் கொடுத்தேன். எங்கள் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. அண்ணன் இறந்த பிறகு நிலத்தை அண்ணிதான் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் அறுத்த காயில் நல்லதாகப் பார்த்து அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்து வைப்பார்கள். அதற்குத்தான் பட்டறை. கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, காற்றுப் போகிற மாதிரி நாலு பக்கமும் தட்டி கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி மேலே மூடி வைப்பது. காற்றுப் பட வேண்டும், தண்ணீர் படக் கூடாது. நனைந்தால் ஒரு காய் அழுகும், அது பக்கத்துக் காயையும் கெடுக்கும், ஒரு வாரத்தில் பட்டறையே நாறிவிடும். அண்ணி கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான் பட்டறையைப் பார்த்துக்கொள்வார். வானம் கறுத்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தார்ப்பாயின் நாலு மூலையையும் இழுத்துப் பார்ப்பார்.

அது புரட்டாசி மாதம். இன்னும் கொஞ்ச நாளில் நடவு. மலையில் இருக்கிற அருவியைப் பார்க்கத் திருச்சியிலிருந்து பையன்கள் சிலர் வேனில் வந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கூட்டிவருகிற ஆள் ஒருவன் அவர்களைக் கொண்டுவந்து விட்டான். மேகம் இறங்கியிருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். மழையில் அருவி இன்னும் அழகாக இருக்கும் என்று அந்த ஆள் சிரித்தானாம். மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலத்துக்கு முன்னால் ஒரு பையன் சேறும் ரத்தமுமாக அண்ணியின் கொல்லைக்கு ஓடிவந்தான். மலையிலிருந்து இறங்கினால் முதலில் வருகிற நிலம் அதுதான். கூட வந்தவன் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடக்கிறான், அசைத்தாலே அலறுகிறான் என்று அழுதான்.

ஊர் ஆட்கள் கூடிவிட்டார்கள். கயிற்றுக் கட்டில் அந்தப் பாறை இடுக்கில் நுழையாது. கெட்டித் துணியில் கிடத்தி, இரண்டு மூங்கிலில் தூளி மாதிரிக் கட்டித் தூக்கினால்தான் இறக்க முடியும். எல்லோர் கண்ணும் பட்டறை மேல் போனது. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் எல்லோரும் வெங்காயக்காரர்கள். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தார். "அவுத்துக்கங்க. ஆனா புள்ளைய எறக்கினதும் கொண்டாந்து மூடிடுங்க, மழை இன்னும் இருக்கு" என்றார். மூங்கிலையும் பட்டறையிலிருந்தே உருவிக்கொண்டார்கள்.

அந்த ஈரப் பாறையில் எட்டுப் பேர் அவனைச் சுமந்து இறக்கினார்கள். ஒருவருக்குக் கால் பிசகி மாதக் கணக்கில் நொண்டினார். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது பையன் தார் ரோட்டுக்கே வந்துவிட்டான். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, தூரம் அப்படி. அசைக்கக் கூடாது என்று பையனைத் தார்ப்பாயோடு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். அத்தனை பதற்றத்தில் அதை யார் கேட்பது? தார்ப்பாய் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மழை நிற்கவில்லை. அண்ணி உரச்சாக்கைப் போட்டார், சேலைகளைப் போட்டார், வீட்டில் இருந்த பாயையெல்லாம் கொண்டுவந்து போட்டார். விஷயம் தெரிந்து நான் அரியலூரிலிருந்து கிளம்பி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயை மீட்டுக்கொண்டு ஊருக்குப் போனபோது கொல்லை வரப்பிலேயே அழுகல் வாடை அடித்தது. அண்ணி பட்டறைக்குள் கையை விட்டுப் பிடி பிடியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அழவில்லை. தார்ப்பாயை வாங்கி, ரத்தக் கறையை அலசிக் காயப்போட்டார்.

அந்தப் பட்டம் எங்கள் நிலம் சும்மா கிடந்தது. விதைக்காய் விற்ற விலைக்கு வெளியில் வாங்க முடியவில்லை. சொந்தமாக நிலம் வைத்திருந்த அண்ணி அந்த ஐப்பசியில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் குனிந்து வெங்காயம் ஊன்றினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு நடுவில் டிவியில் ஒரு விவாதம் ஓடியது. ஜாலிக்காக மலை ஏறுகிறவர்களை மீட்க மக்கள் வரிப்பணத்தைச் செலவழிக்கலாமா, செலவை அவர்களிடமே வசூலிக்க வேண்டாமா என்று கோட் போட்டவர்கள் மேஜையைத் தட்டிப் பேசினார்கள். எங்கள் மலைப் படத்தையும் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. வரிப்பணமா அவனைத் தூக்கி வந்தது? அண்ணியின் தார்ப்பாய் தூக்கி வந்தது. ஊர்க்காரர்களின் தோள் தூக்கி வந்தது. பைசா செலவழிக்காதவர்கள் எல்லாம் தங்கள் பணம் போய்விட்டதாகப் புலம்ப, செலவழித்தவரின் பேச்சையே காணோம்.

நான் சும்மா இருக்கவில்லை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினேன். ஓர் இடத்தில், மழையில் பயிர் அழிந்தால் நிவாரணம் உண்டு, அறுத்து வைத்த காய்க்குக் கிடையாது என்றார்கள். இன்னோர் இடத்தில், யார் உங்களைத் தார்ப்பாய் கொடுக்கச் சொன்னது, எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டார்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போனதற்காக அந்தப் பையன்களுக்கு அபராதம் போட்டு, அதையும் அவர்கள் ஒழுங்காகக் கட்டிவிட்டார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. ஆக, மலை ஏறியவர்கள் பணம் கட்டிவிட்டார்கள். கணக்குத் தீர்ந்தது. நாங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

கடைசியில் அந்தப் பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன், ஸ்பீக்கரில் போட்டு. நல்ல மனிதர்தான். அம்மா செய்த உதவியை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து பையனைக் கூட்டிப் போகும்போது வழியில் சிறுவாச்சூரில் இறங்கி, காளியம்மனுக்குப் பட்டுச்சேலை சாத்திவிட்டுத்தான் போனோம் என்றார். சேலை போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். நான் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னதும், "அபராதம்தான் கட்டிட்டோமே சார். அதுக்கு மேல அந்தம்மாவோட மனிதநேயத்துக்கு விலை போட்டு அவங்கள அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரல" என்றார்.

அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்தார். "மனிதநேயத்துக்கு வெல கேக்கலீங்க, அது போனாப் போவுது. வெங்காயத்துக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர் போனை வைத்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மனிதநேயம் என்ற சொல்லை அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. கொடுக்க வேண்டியவன் அதைச் சொல்லும்போது, கொடுக்க மாட்டேன் என்பதுதான் அர்த்தம்.

ஆனால் எனக்கும் அண்ணிக்கும் இதில் சண்டை உண்டு. இனிமேல் எவனாவது விழுந்தால், முதலில் பணத்தை வை, பிறகு தூக்குகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறவனுக்குக் கணக்குப் பார்க்கிற புத்தி வந்தால் அவன் ஆளைக் கூப்பிடாமல் அங்கேயே கிடந்து செத்துப்போவான் என்பார். "விழுந்தவங்கிட்ட கேக்காதீங்க தம்பி, கூட்டியாந்தவங்கிட்ட கேளுங்க. காசு வாங்கிட்டு வந்தது அவன்தானே" என்பார். அவனை எங்கே போய்ப் பிடிப்பது என்று நான் கேட்டால் எழுந்து பட்டறையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவனே வந்தான். இரண்டு வருடம் கழித்து, இதே போல ஒரு மழைநாளில், மலையில் ராத்தங்கக் கூடாரமெல்லாம் ஏற்றிக்கொண்டு, இன்னொரு கூட்டத்தோடு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் கொல்லையில்தான் இருந்தேன். இந்த முறை விழுந்தது ஒரு பெண். கணுக்கால் முறிந்துவிட்டதாம். ஆள் மூச்சிரைக்க ஓடிவந்து, "அக்கா, அந்தத் தார்ப்பாய்" என்றான். பட்டறை நிறைய விதைக்காய் இருந்தது. அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தரேன். ஒன் வண்டில இருக்கற கூடாரத்தையெல்லாம் எறக்கிட்டு வா" என்றார். அவனுக்குப் புரியவில்லை. அண்ணி பட்டறையைக் காட்டினார். கூடாரமெல்லாம் விலை அதிகம், வாடகைக்கு எடுத்தது, சேறு பட்டால் கெட்டுவிடும் என்று இழுத்தான். "என் காயும் வெலதான். போ, அந்தப் புள்ள வலியில கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே அண்ணி ஒரு பக்க முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். அவன் தாமதித்திருந்தாலும் அவர் மிச்சத்தையும் அவிழ்த்துக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, அவனுக்குத் தெரியாது. ஓடினான்.

தார்ப்பாய் மலை ஏறியது. பட்டறை மேல் ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று கூடாரங்களைப் பரப்பிக் கல் வைத்தோம். திருவிழாக் கடை மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணை இறக்கி ஆம்புலன்சில் ஏற்றினார்கள், தார்ப்பாயும் பழையபடி அதிலேயே போனது. மறுநாள் காலையில் அவன் கூடாரம் கேட்டு வந்தபோது, தார்ப்பாய் வரட்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அண்ணி களை எடுக்கப் போய்விட்டார். அவன் பெரம்பலூருக்குப் போய், தேடி எடுத்து, அலசியும் கொண்டுவந்தான். அந்த வருடம் ஒரு காய்கூட அழுகவில்லை.

ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அண்ணி சமர்த்து என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு பெண்பிள்ளை மழையில் நின்று சமர்த்தாக இருந்தால்தான் அவள் விதை பிழைக்கும் என்றால், அத்தனை ஆபீஸ் எதற்கு, மேஜையைத் தட்டுகிற வாய்கள் எதற்கு?

போன வாரம் எடை மேடையில் நின்றபோது மழை தூறத் தொடங்கியது. ஒரு லாரியின் தார்ப்பாயை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணி போன் செய்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "வேன் ஒண்ணு மலைக்குப் போவுது தம்பி. நிப்பாட்டிக் கூடாரம் இருக்குதான்னு பாத்துட்டுத்தான் உட்டேன்" என்றார். இப்போது வருகிற வேனையெல்லாம் அவர் அப்படித்தான் பார்த்து அனுப்புகிறாராம். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். நான் கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினேன். இப்படிப் பார்த்து அனுப்புவதற்கு எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அண்ணிக்கு யார் கொடுக்கிறார்கள்?