கொழுந்தன் வாங்கித் தந்த வேலை

ரெசிஸ்டர் எனப்படும் மின்தடைகள் தயாரிக்கும் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிடுவார்கள். பரிசோதனை அறையில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கொழுந்தன் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் டிப்ளமோவில் ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி அதே டிப்ளமோவை முதல் வகுப்பில் முடித்தவள். சமையல் மேடையைத் துடைத்துவிட்டு, பேட்டரியும் டார்ச் பல்புகளும் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்தது. பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தத் தடை ஏன் குறைகிறது என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

"தியேட்டர்ல ஒரு கதவுதான் திறந்திருக்குன்னு வச்சுக்க, தம்பி. பக்கத்துல இன்னொண்ணையும் திறந்துவிட்டா, அது எவ்வளவு குறுகலா இருந்தாலும், கூட்டம் சீக்கிரம் வெளிய போகுமா, போகாதா?"

அந்த முறை அவன் தேறினான். வேலை கிடைத்தது. மளமளவென்று மேலே போனான்.

சில வருடங்கள் கழித்து அவனுடைய பரிசோதனை அறையிலேயே ஓர் இடம் காலியானது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அண்ணி விண்ணப்பித்தாள். நேர்முகத்தில், ஆறு ஓம் தடையும் மூன்று ஓம் தடையும் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் எவ்வளவு என்று மேனேஜர் கேட்டார். இரண்டு ஓம் என்றாள். அவருக்குத் திருப்தி. எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் குறுக்கிட்டான்.

"சார், இவங்களுக்கு வீட்டுப் பொறுப்பு நிறைய. ஷிப்ட் வேலை ஒத்து வராது."

மேனேஜர் பேனாவை மூடினார்.

வராந்தாவில் அவள் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரே ரூம்ல இருந்தா, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்னு பேச்சு வரும். புரிஞ்சுக்குங்க அண்ணி."

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டில் கணவனிடம் சொன்னபோது, தம்பி யோசிக்காமல் எதையும் செய்யமாட்டான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அன்று அவள் சாப்பிடவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

பிறகு கொழுந்தனே சிபாரிசு செய்து பேக்கிங்கில் சேர்த்துவிட்டான். பகல் வேலை, படிப்பே தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்க முடியாமல் அவளும் போனாள். அவன் சோதித்து அனுப்பிய தடைகளை எண்ணிப் பெட்டியில் போட்டு மூடி ஒட்டுவாள்.

கொழுந்தனுக்குக் கல்யாணமானது. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஓரகத்தி பெருமையாகச் சொன்னாள்: "அக்காவுக்கு இவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தாரு."

வந்தவர்கள் அண்ணியைப் பார்த்தார்கள். கொழுந்தன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆமா," என்றாள் அண்ணி. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.