பூவம்மா ஒதுக்கி வைத்த பால்மா

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த பூவம்மா, ஆற்றில் போடுகிற ஆளே இல்லை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் திரும்ப அள்ளித் தனிப் பானையில் போட்டு மூடுவாள். "சாமிக்கா எடுத்து வைக்கிற?" என்று அவள் புருஷன் சாகும்வரை கேலி பண்ணினான். "பசிக்கு எடுத்து வைக்கிறேன். சாமி பொறுத்துக்கும், பசி பொறுக்காது" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நீண்டுபோய் அடுப்புகள் அணைந்தபோது, அந்தப் பானைதான் திறந்தது. அவள் இருந்த லயத்து வரிசை வீட்டின் பன்னிரண்டு காம்பராவுக்கும் நாலு நாள் கஞ்சி. கஞ்சப்பிசினாரி என்று அவளை ஏசிய வாய்களெல்லாம் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தன. பிறகு, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓர் ஆயா வேண்டும் என்றபோது, பெண்கள் எல்லோரும் பூவம்மாவின் பேரையே சொன்னார்கள். பதினொரு தொட்டில்களும் அவள் பொறுப்புக்கு வந்தன. பிள்ளையில்லாத அவளுக்கு அது பெரிய கொடுப்பினை.

அப்புறம் எழுபத்து நாலு வந்தது. நாட்டிடம் காசில்லையாம். எல்லோரும் சிக்கனமாக இருந்து வயிற்றைக் கட்டினால் நாடு தப்பிவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். சொன்னவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். கூப்பனுக்குக் கொடுக்கும் ரேஷன் மாவு பாதியானது. தோட்டத்திலும் வாரம் மூன்று நாள்தான் வேலை. கட்டுவதற்கு வயிறு இருப்பவர்களிடம் அல்லவா இதையெல்லாம் சொல்ல வேண்டும்! லயத்தில் மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்து, தகரைக் கீரையை உப்பில்லாமல் அவித்துத் தின்றார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு மாதம் நாலு டின் வந்த பால்மா ஒன்றாகக் குறைந்தது.

பூவம்மா மட்டும் ரேடியோ சொன்னதை நம்பினாள். தன் வாழ்நாள் பழக்கத்தையே அரசாங்கமும் சொல்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கரண்டியின் தலையை விரலால் வழித்துப் பால்மாவை அளந்தாள். தண்ணீரைக் கூட்டினாள். அந்த ஒரு டின்னிலிருந்தும் தினம் ஒரு கரண்டியை எடுத்து, விறகுக்குப் பின்னால் வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். அதிலிருந்து அவள் நாக்கில் ஒரு துகள் வைத்ததில்லை.

மூன்றாம் லயத்து லீலாவின் மகள் ஜெயலெட்சுமிக்கு ஒன்றரை வயது. நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, நடப்பதை விட்டுவிட்டு மறுபடி தொட்டிலில் படுத்துக்கொண்டது. அழுகையும் நின்றுபோனது. ஒரு காலை, கொழுந்துக் கூடையை இறக்காமலே லீலா வாசலில் நின்றாள்.

"ஆயா, இவளுக்கு மட்டும் இன்னும் ஒரு கரண்டி போடுங்களேன். பாலு தண்ணியாட்டம் இருக்கு."

"இன்னைக்குப் போட்டுட்டா நாளைக்கு எங்க போறது புள்ள? இதவிட மோசமான காலம் வரும்."

"இதவிட மோசம் என்ன ஆயா இருக்கு?"

பூவம்மா கரண்டியின் தலையை மறுபடி வழித்தாள். பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று லீலா போய்விட்டாள்.

பூவம்மாவுக்குக் கல் நெஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கே விறகை விலக்கி, பிஸ்கட் டின்னின் மூடியில் கைவைத்தாள். அடுத்த மாதம் அந்த ஒரு டின்னும் வராமல் போனால்? பதினொரு பிள்ளைக்கும் என்ன செய்வது? அறுபத்தாறில் அவசரப்பட்டு முதல் வாரமே பானையைத் திறந்திருந்தால் லயம் என்னவாகியிருக்கும்? நினைக்க நினைக்க, மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விறகைப் பழையபடி அடுக்கிவிட்டு வந்து, ஜெயலெட்சுமியின் தொட்டிலை வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டது. வயிற்றோட்டம் என்று சாவுப் பதிவில் எழுதினார்கள். ஓடுவதற்கு அந்த வயிற்றில் என்ன இருந்தது என்று யாரும் எழுதவில்லை. அப்பன் தங்கராஜா பிள்ளையை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு போனான். அவ்வளவுதான் கனம்.

மறுநாள் குழியில் பால் தெளிக்க வேண்டும். லயத்து மாடுகளைச் சோற்றுக்காக எப்போதோ விற்றுவிட்டார்கள். தங்கராஜா மூன்று லயமும் ஏறி இறங்கினான். ஒரு சொட்டுப் பால் கிடைக்கவில்லை. "தண்ணிய ஊத்திட்டு வந்துருவோம். புள்ளதானே, கோவிச்சுக்காது" என்றான்.

பூவம்மா காதில் அது விழுந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவளால் இருக்க முடியவில்லை. விறகைத் தள்ளி டின்னைத் திறந்தாள். முக்கால் டின் இருந்தது. வழிக்காமல், அளக்காமல் அள்ளிப் போட்டு ஒரு பெரிய செம்பு நிறையப் பால் கரைத்தாள். இத்தனை கெட்டியாக அவள் கரைத்ததே இல்லை. அதைச் சுமந்துகொண்டு குழிமேட்டுக்குப் போனாள்.

லீலா செம்புக்குள் பார்த்தாள்.

"ஏது ஆயா பாலு?"

"ஒதுக்கி வச்சிருந்தேன் புள்ள."

"எப்ப இருந்து?"

"நாலு மாசமா."

லீலா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பூவம்மா காத்து நின்றாள். ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். லீலா செம்பை வாங்கினாள். இரண்டு விரலைத் தோய்த்து, மண்ணின் மேல் மூன்று சொட்டுத் தெளித்தாள். பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மிச்சத்த மத்த புள்ளைகளுக்குக் குடுங்க ஆயா. நாளைக்கு இல்ல. இன்னைக்கே குடுங்க."

பூவம்மா முந்தானையால் செம்பை மூடிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினாள். பத்துப் பிள்ளைகளும் வயிறு நிறையக் குடித்தன. ஊட்டி முடித்த பிறகும் செம்பில் கொஞ்சம் மீந்திருந்தது. அது ஒரு பிள்ளைக்குப் போதுமான பால்.