சல்லி யோகன் சொன்ன ‘போட்டனான்’

இலங்கையில் நீதவானுக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தப்பி, நியமனக் கடிதம் வந்தால் போய் உட்கார வேண்டியதுதான். நான் வாழ்க்கையில் நின்ற ஒரே தேர்தல், யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தபோது எங்கள் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு. அதில் மண் கவ்வினேன். “சங்கத்துக்கே ஆகாதவன் நீதிமன்றத்துக்கு ஆயிட்டான்” என்று நண்பர்கள் பல காலம் கிண்டலடித்தார்கள்.

நேர்முகத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “வெளியே ஊரே திரண்டு நின்று ஒரு கட்டளையைக் கேட்கிறது. கோப்பு வேறொன்றைச் சொல்கிறது. என்ன செய்வீர்?”

“கோப்பைத்தான் பார்ப்பேன்” என்று மார்தட்டிச் சொன்னேன். கோப்பே பிழையாக இருந்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதைத் திருகோணமலையில்தான் படித்தேன். புதிதாக நீதவானாகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்கள் மாற்றியவை.

1. இரண்டு நிமிடம்

யோகன் திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கடற்றொழிலாளி. சசி அவருடைய ஊர்க்காரன். ஒரு பின்னேரம் இருவரும் ஒரே வள்ளத்தில் போனதை ஊர் பார்த்தது. யோகன் மட்டும் திரும்பி வந்தார். அதற்கு முந்திய வாரம்தான் இருவருக்கும் வலை விஷயமாகக் கைகலப்பு நடந்திருந்தது. சசியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நாலாம் நாள் சசியின் அண்ணன் பொலிஸுக்குப் போனார்.

பொலிஸ் என் முன் வைத்த பீ அறிக்கை, அதாவது வழக்கின் முதல் அறிக்கை, சிங்களத்தில் இருந்தது. சந்தேக நபர் கொலையை ஒப்புக்கொண்டதாக அது சொன்னது. கூடவே யோகனின் வாக்குமூலம் தமிழில் இருந்தது. அதில் ஒரு வரி: ‘சசியைப் போட்டுவிட்டு வந்தேன்.’

பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். ஆளைப் போடுவது என்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“நீர் இப்படிச் சொன்னனீரா?” என்று கூண்டில் நின்ற யோகனிடம் கேட்டேன்.

“ஓம் ஐயா. அவன்தான் கேட்டவன், போட்டனான்.”

இவ்வளவு திமிரா என்று எனக்குக் கோபம் ஏறியது. அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூண்டருகே நின்ற கான்ஸ்டபிள் “சும்மா நில்லும்” என்று அதட்டினார். நான் அந்த அதட்டலைத் தடுக்கவில்லை. அவருக்காக எந்தச் சட்டத்தரணியும் எழும்பவில்லை. கொலை வழக்கில் பிணை கொடுக்க நீதவானுக்கு அதிகாரமில்லை. பதினான்கு நாள் விளக்கமறியல், அதாவது சிறைக்காவல், என்று எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த கோப்பைத் திறந்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

2. “ஐயாவ எங்க போடுறது?”

பத்து நாளாகியும் சடலம் கிடைக்கவில்லை. சடலம் ஒதுங்கியிருக்கக்கூடிய இடங்களைக் கடலிலிருந்து பார்வையிட வர வேண்டும் என்று பொலிஸ் கேட்டது. ஒரு காலை கொட்டியாரக் குடாவில் வாடகை வள்ளத்தில் போனோம். நான், ஒரு பொலிஸ் சார்ஜன், வள்ளக்காரர். கட்டைபறிச்சான் என்ற ஊர்ப் பக்கம் கரை தெரிந்ததும் வள்ளக்காரர் எஞ்சினைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயாவ எங்க போடுறது?”

சார்ஜனின் கை துப்பாக்கிக்குப் போய்விட்டது.

வள்ளக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அங்கால சேறு ஐயா. சப்பாத்து பாழாப்போகும். மணல்ல போடட்டே?”

“போடுறது எண்டா என்ன?” என்று கேட்டேன்.

“இறக்கி விடுறதுதான் ஐயா. வேற என்ன? ஆக்களை ஏத்துறம், போடுறம்.”

கரையில் இறங்கியபின் எனக்கு வெட்கமாக இருந்தது. யோகன் கூண்டில் நின்று சொன்னது முழுவதும் அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவன்தான் கேட்டான், இறக்கிவிட்டேன்.

3. வெளியே ஊர்

அடுத்த வழக்குத் தவணைக்குச் சல்லியிலிருந்து இரண்டு பஸ்ஸில் சனம் வந்திருந்தது. ‘கொலைகாரனை விடாதே’ என்று வாசலில் கத்தினார்கள். சசியின் அண்ணன் மண்டபத்துக்குள்ளேயே எழும்பி, “ஐயா, இவனை வெளிய விட்டீங்களெண்டா நாங்க உயிரோட இருந்து பிரயோசனமில்லை” என்று அழுதார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. யோகனை விட்ட மறுநாள் சடலம் கரையொதுங்கினால்? ஒரு சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாமல் போனது என்பதற்காக அவர் நிரபராதி ஆகிவிடுவாரா?

பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் கேட்டேன்: “அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் உங்களிடம் வேறென்ன இருக்கிறது? இரத்தம்? சடலம்? சாட்சி?”

“விசாரணை நடக்குது சேர்.”

யோகனைப் பார்த்தேன். தாடி வளர்ந்து ஆள் பாதியாகியிருந்தார். “சசியைப் போட்டனான் எண்டனீர். எங்க போட்டனீர்?”

“கட்டைபறிச்சான் கரையில ஐயா. அண்ணன் பேசின கலியாணம் வேண்டாமாம். ஒருத்தருக்கும் சொல்லாமப் போறன், அங்க கொண்டே போட்டு விடு எண்டவன். போட்டனான். சண்டை பிடிச்சாலும் சிநேகிதன்தானே.”

நான் கேட்டேன்: “இதை முதலே ஏன் சொல்லயில்லை?”

“சொன்னனான் ஐயா. நீங்கள்தான் மறியல் எண்டு எழுதினீங்கள்.”

கொலைக்கு ஆதாரமில்லை என்று பதிந்து, ஆட்கள் பொறுப்பேற்கும் சரீரப் பிணையில் விட்டேன். அந்தக் கரையிலும் அங்கிருந்து புறப்படும் பஸ்களிலும் விசாரிக்கக் கட்டளையிட்டேன். பின்வாசலால் யோகனைப் பொலிஸ் ஏற்றிப் போனது. என் காரின் கண்ணாடிக்கு ஒரு கல் வந்தது. ஒன்பது நாள் சரியாகச் சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தாலே சடலம்தான் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் சசி மட்டக்களப்பிலிருந்து வந்தான். ஓர் அரிசி ஆலையில் வேலை செய்திருக்கிறான். இறங்கும்போது தொலைபேசி கடலில் விழுந்திருக்கிறது. தன் படத்தைச் செய்தியில் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நீதிமன்றத்தில் அண்ணனின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் நின்றான்.

யோகனை விடுதலை செய்தேன். நீதவான் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. ஆனாலும், “நான் அண்டைக்கு ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்க வேணும்” என்றேன்.

அவர் கைகூப்பினார். “பரவாயில்லை ஐயா. இனி நான் ஆளைப் போட்டனான் எண்டு சொல்ல மாட்டன். இறக்கி விட்டனான் எண்டே சொல்லுறன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்தக் கல் நெற்றியில் பட்டிருக்கலாம் போலிருந்தது. பிழை விட்டவன் நான். பேச்சை மாற்றிக்கொண்டவர் அவர்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, விளக்கமறியல் என்று எழுதுமுன் கூண்டில் நிற்கிறவரிடம் ஒன்று கேட்பேன். “நீர் சொன்னது எனக்கு விளங்கினபடிதானா?” என் மன்றில் வழக்குகள் மெதுவாக நகர்கின்றன என்று மேலிடத்துக்கு முறைப்பாடு போனது. போகட்டும்.