அத்தையின் பச்சைப்பயறு

சம்பா அறுத்த கையோடு பச்சைப்பயறு தெளித்தால் அறுபத்தைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு. நடுவில் நிலம் சும்மா கிடக்கும் அந்த நாட்களை அப்பா ஒரு வருஷம் அத்தைக்குக் கொடுத்தார்; விளைகிற பயறு அவளுக்கு.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாமா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். பொங்கலுக்கு முன்பே அத்தை, சோழவரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாரும் அவளுக்குக் குறை வைக்கவில்லை. அவள்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வாள்.

பயறு வந்ததும் கொட்டகையோரம் தனி அடுப்பு வைத்துக்கொள்ளப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். செடி பூத்த பிறகு பகலெல்லாம் கழனியிலேயே இருந்தாள். புழுக்களைக் கையாலேயே பொறுக்கினாள்.

அந்த வருஷம் ஏரி சீக்கிரமே வற்றத் தொடங்கியது. இருக்கிற தண்ணீரில் நடவை முடித்துவிட வேண்டுமென்று ஊரார் கூடி, மதகை முன்னதாகவே திறக்க முடிவு செய்தார்கள். அப்பா இரண்டு நாள் வரப்புவரை போய்ப் போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஏரைப் பூட்டினார்.

"இன்னும் இருவது நாளு உட்டா காய் முத்திடும்ண்ணா" என்றாள் அத்தை.

"தண்ணி நமக்காவ நின்னுக்கினு இருக்காதும்மா. மடக்கி உழுதா நெலத்துக்கு நல்ல எரு" என்றார் அப்பா. அது பொய்யில்லை.

உழுத சேற்றைச் சமன்செய்யும் பரம்புப் பலகையில், பாரத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். அன்று என்னை உட்கார வைத்தார்கள். மிச்சமிருந்த மஞ்சள் பூக்கள் எனக்கடியில் அமிழ்ந்துபோக, வரப்பில் நின்ற அத்தையைப் பார்த்துக் கையாட்டினேன். அவளும் கையாட்டினாள்.

மறுவாரம் துணிமூட்டையோடு கிளம்பினாள். மாமா வீட்டுக்கே போவதாகவும், ஒரு மூலையில் கிடந்துகொள்வதாகவும் சொன்னாள். இரு என்று அப்பா சொல்லவில்லை. பஸ் வந்தபோது நான் தரையில் புரண்டு அழுதேன்.

"கொயந்தைக்கு இன்னா பாசம் பாரு" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கோ, அத்தை மட்டும் பஸ்ஸில் ஊர் சுற்றப் போகிறாளே என்ற பொறாமைதான்.