வேலை போன ஊரின் வெள்ளைச் சட்டைகள்

ஓர் ஊரில் யாருக்கு வேலை போயிற்று என்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே துணி வெளுக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

நான் பினாங்கில் டோபி. ஆயர் ஈத்தாம் ஓடைக்கரையில் துவைகல், பக்கத்திலேயே வெள்ளாவிக் கொட்டகை, பட்டணத்தில் வாடிக்கை வீடுகள். இதுதான் என் ராஜ்யம். ரப்பர் விலை விழுந்து, ஈய விலை விழுந்து, கடைசியில் மனுஷர்களும் விழுந்த வருஷங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆபீஸ்காரர்கள் அதை ‘ஸ்லம்பு’ என்றார்கள். எங்களுக்கு அது வேலையில்லாக் காலம், அவ்வளவுதான். உங்களில் பலரும் அதில் அடிபட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் விளக்கம் வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பாசிக் கறை

பொன்னுசாமிக் கிராணி துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தார். வாரந்தோறும் அவர் வீட்டிலிருந்து கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டுகள் வரும். வலது மணிக்கட்டில் எப்போதும் மசி இருக்கும். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, என் மனைவி அஞ்சலை அந்த மனுஷனைத் திட்டாத வாரமே கிடையாது. ஒரு வாரம் மசி இல்லாமல் கோட்டு வந்தது. அடுத்த வாரமும் இல்லை. அதற்குப் பதிலாகக் கால்சட்டையின் பின்புறத்தில் பச்சைப் பசேலென்று பாசி. கடற்கரைத் திடலின் கற்சுவரில் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒட்டுமே, அந்தப் பாசி.

வெளுத்த துணியைக் கொடுக்கப் போன அன்று தெருமுனையிலேயே என்னை மடக்கினார். “பாசி போயிடுச்சா டோபி?” என்றார். போய்விட்டது என்றேன். “வீட்டிலே அம்மா கேட்டா ஒண்ணும் சொல்லாதே. வேற இடம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிடைச்சதும் நானே சொல்லிடுவேன்” என்றார். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் மூட்டையை வாங்கி அவிழ்த்தார். கோட்டின் மணிக்கட்டை விரலால் தடவிப் பார்த்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“கஞ்சி கொஞ்சம் கூடவே போடு டோபி. அவர் ஆபீசுக்குப் போறார்னு நான் நம்பிக்கிட்டிருக்கிறதா அவர் நம்பிக்கிட்டிருக்கார். நீ அதைக் கெடுத்துடாதே.”

கத்தத் தெரியாத மரம்

நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன் வீராசாமி. படகேறி இந்தக் கரைக்கு வந்து, வீடு வீடாகக் கேட்டுக் கடைசியில் என் துவைகல்லில் வந்து நின்றான். கூலி கொடுக்க எனக்கு வக்கில்லை. சோறு உண்டு, படு, துவை என்றேன். ஆனால் அவனுக்குத் துவைக்க வரவில்லை. ரப்பர் மரத்தின் பட்டையை நூல் கனத்துக்குச் சீவிப் பழகிய கை அது. துணியை அடிக்கச் சொன்னால் தடவிக் கொடுத்தான். அழுக்கு அப்படியே இருக்கும். நாங்கள் மறுபடி துவைப்போம்.

விடியுமுன்பே எழுந்து எங்கேயோ போய் வருவான். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஓடைக்கு மேலே ஒரு சீனருக்குச் சொந்தமான சின்ன ரப்பர்த் தோட்டம். விலை கட்டாது என்று பால் எடுக்காமல் போட்டிருந்தார். அந்த மரங்களுக்கு நடுவே வீராசாமி வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று, பழைய வெட்டுக்காயத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“எங்க நிரையிலே இருந்த மரமெல்லாம் இந்நேரம் என்னைத் தேடும் அண்ணே. கறக்காம விட்டா மாடாவது கத்தும். மரம் பாவம், அதுக்குக் கத்தவும் தெரியாது.”

உட்காரும் உத்தியோகம்

சூலியா தெருவில் காசிம் ராவுத்தருக்கு ஒரு சோற்றுக்கடை இருந்தது. கப்பல் கூலிகளும் மாட்டுவண்டிக்காரர்களும் வந்து மொய்க்கிற கடை. கப்பல் குறைந்தது, கூலிகள் குறைந்தார்கள், கடை காலியாயிற்று. ஆனாலும் மேசைத் துணிகள் வெளுப்புக்கு வருவது நிற்கவில்லை. பரிமாறுகிற ஆட்கள் மூன்று பேரில் ஒருவரையும் ராவுத்தர் நிறுத்தவில்லை. முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் பரிமாற வேண்டியது. மற்ற இருவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் பக்கத்து மேசையில் வாடிக்கைக்காரர்களாக உட்கார வேண்டியது. ஆள் இல்லாத கடைக்கு ஆள் வரமாட்டான் என்பது ராவுத்தர் கணக்கு.

நான் மேசைத் துணி கொண்டுபோன அன்று, உட்காருகிற முறை சுல்தானுக்கு. பாலில்லாத தேத்தண்ணீர் ஒரு குவளை அவன் முன்னால் ஆறிக் கிடந்தது. அதைக் குடித்துவிட்டால் குவளை காலி என்று வெளியே தெரிந்துவிடுமாம். குடிக்கிற மாதிரி உதட்டில் வைத்து வைத்து எடுத்தான். பரிமாறுகிறவன் இரண்டு கையிலும் தட்டுகளோடு அடுப்பங்கரைக்கும் மேசைக்கும் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தவன் சோற்றைப் பார்ப்பானே, அப்படி.

“பாருங்கண்ணே, அவனுக்கு எவ்வளவு வேலை! நாளைக்கு என் முறை. எப்படா விடியும்னு இருக்கு.”

கப்பலேறியவரின் கோட்டு

அந்த நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஒரு வீட்டுக்குத் துணி கொண்டுபோனால் கதவு பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர், “ஊருக்குப் போயிட்டாங்களே! கோட்டை டோபியே வச்சுக்கட்டும்னு சொல்லச் சொன்னாங்க” என்பார். அப்படி ஒரு கோட்டு எங்கள் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈயம் உருக்கும் ஆலையில் எடை பார்க்கிறவனாக இருந்து வேலை போன சிங்காரம் ஒருநாள் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கேயோ ஒரு கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம், துரை நேரில் பார்ப்பாராம், போட்டுக்கொண்டு போகச் சட்டை இல்லையாம். அஞ்சலை கோட்டை எடுத்து அவன் தோளில் வைத்துப் பார்த்தாள். கைகள் நீளம். உள்ளே மடித்துத் தைத்து, புதிதாகக் கஞ்சி போட்டு, கரி அனல் குறையுமுன் தேய்த்துக் கொடுத்தாள். அதைப் போட்டதும் அவன் முதுகு தானாக நிமிர்ந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதில் விரல் நின்றுவிட்டது.

“வேலை கிடைக்கலை அக்கா. ஆனா அந்த துரை என்னை ‘மிஸ்டர்’னு கூப்பிட்டான். இன்னும் ஒரே ஒரு நாள் இதை வச்சுக்கட்டுமா?”

கழுத்துப்பட்டை

இதுவரைக்கும் அடுத்தவர் கதை. இனி என் கதை. வெளுப்புக்குப் போட்டவர்கள் பலர் வீட்டிலேயே துவைக்கத் தொடங்கினார்கள். மூட்டை சிறுத்தது, அரிசிப் பானையும் சிறுத்தது. அஞ்சலையின் அண்ணன் இருந்த தோட்டத்தை மூடி, வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களோடு அஞ்சலையும் எங்கள் பெண்குழந்தையும் போவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது யார் என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு. நான் சொன்னேன் என்கிறாள் அவள். அவள் கேட்டாள் என்கிறேன் நான். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

துறைமுகத்தில் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் திரும்பித் திரும்பி என்னிடம் ஏதோ கத்தினாள். கிட்டே முண்டியடித்துப் போய்க் கேட்டால், “கஞ்சியிலே கட்டி விழாம பாத்துக்க! கழுத்துப்பட்டைக்கு ஓரத்திலிருந்து உள்ளே தேய்க்கணும், உள்ளிருந்து ஓரத்துக்கு இல்லே!” என்கிறாள். “சரி, சரி” என்று நானும் கத்தினேன். மனசில் இருந்ததெல்லாம் வேறு. வெளியே வந்தது அவளுக்குக் கஞ்சி, எனக்குச் சரி.

அவள் போனபிறகுதான் தெரிந்தது, எங்கள் தொழிலில் பாதி அவள் கை. துவைப்பது நான் என்றாலும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது இஸ்திரிதானே! ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்தேன், உள்ளிருந்து ஓரத்துக்கும் தேய்த்தேன். கழுத்துப்பட்டை வாடின வெற்றிலை மாதிரி தொங்கியது. சில சமயம் தேய்த்துக்கொண்டே, “இது சரியா பார்” என்று பக்கத்தில் சொல்லிவிடுவேன். பக்கத்தில் சுவர் இருக்கும். என் வாடிக்கைக்காரர் சூசை வாத்தியார் நல்ல மனுஷர். எத்தனையோ வாரம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் சட்டையை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் சொன்னார்:

“உன் சம்சாரம் எப்ப வருவாங்கன்னு என் கழுத்துப்பட்டை கேட்குது டோபி.”

தண்ணீர்மலையில் ஒரே வேண்டுதல்

அஞ்சலை போனபிறகு வந்த தைப்பூசத்துக்கு எனக்கும் வீராசாமிக்கும் நல்ல வேலை. மஞ்சள் வேட்டிகளாக வந்து குவிந்தன. வேலை இருக்கிறவன் வெள்ளை உடுத்துகிறான், வேலை இல்லாதவன் காவடி எடுக்கிறான், எப்படியும் டோபிக்கு உண்டு என்று வீராசாமி சிரித்தான். அதுதான் அவன் என்னோடு இருந்த கடைசிப் பூசம். பின்னால் விலை கொஞ்சம் நிமிர்ந்து தோட்டத்தில் ஆள் கூப்பிட்டபோது, பாதித் துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டான். அவன் ஓடினதில் எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும் இருந்தது. அவன் தேடினது படகு தூரத்தில் இருந்தது, நான் தேடினது கப்பல் தூரத்தில்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் கூட்டத்தில் மஞ்சள் வேட்டியும் திருநீறுமாக ஒருவர் பால்குடத்தோடு போனார். கோட்டு இல்லாததால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பொன்னுசாமிக் கிராணி! பின்னாலேயே அந்த அம்மாளும் வந்தார். கணவரின் முழங்கையைப் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே இப்போது ஒளிவுமறைவு இல்லை என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. (சில மாதம் கழித்து ஒரு சீனர் மளிகையில் அவருக்கு இடம் கிடைத்தது. பனியனோடு போகிற வேலை. எனக்கு ஒரு வாடிக்கை போயிற்று.) “என்ன ஐயா வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டேன். முன்னும் பின்னும் நெரிந்த ஜனங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கேட்கணுமா டோபி? வேல் வச்சிருக்கிறவன்கிட்டே ஊரே வேலை கேட்குது. இன்னிக்கு முருகன் ஒருத்தனுக்குத்தான் ஓய்வு இல்லே.”

ஜெரெஜாக் தீவு

காலம் மெல்லத் தெளிந்தது. மூட்டை மறுபடி கனத்தது. நான் அனுப்பிய கப்பல் கட்டணம் போய்ச் சேர்ந்து, அஞ்சலையும் குழந்தையும் வருகிற கப்பலும் வந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். கப்பலில் யாருக்கோ அம்மையாம். திறந்த தளத்தில் வந்த ஏழைப் பிரயாணிகளை, நோய் பரவாமல் இருக்க ஜெரெஜாக் தீவில் இறக்கி வைத்திருக்கிறார்களாம். விடுகிறபோது விடுவார்களாம். கடல் தாண்டி வந்தவள் கண்ணுக்கு எட்டுகிற தீவில் இருக்கிறாள், நான் இந்தக் கரையில் இருக்கிறேன். இத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு அந்தச் சில நாள் பொறுக்கவில்லை.

ஒரு மலாய்க்காரரிடம் என் கதையைச் சொல்லிக் கெஞ்சி அவர் சம்பான் படகில் ஏறினேன். கரையில் இறங்க முடியாது, தூரத்தில் சுற்றி வருகிறேன், பார்த்துக்கொள் என்றார். மரங்களுக்கு இடையே நீளக் கொட்டகைகள். வேலிக்கு அந்தப் பக்கம் புள்ளி புள்ளியாக ஆட்கள். யார் ஆண், யார் பெண் என்றுகூடத் தெரியவில்லை. அப்போது கொடியில் காயும் துணிகளைப் பார்த்தேன். எல்லோரும் தாறுமாறாகப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு சேலை, நாலு முனையும் இழுத்து, சுருக்கமில்லாமல், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் அதே மாதிரி இழுத்துப் போட்ட ஒரு சின்னப் பாவாடை. நான் அனுப்பியபோது இருந்ததைவிட நீளமான பாவாடை. எழுந்து நின்றுவிட்டேன், சம்பான் ஆடியது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். மலாய்க்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தீவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்தைத் தமிழில் சொன்னார்:

“அடடா தம்பி! அழுக்குத் துணி பார்த்தா டோபி சிரிப்பான். நீ நல்ல துணி பார்த்து அழறியே லா!”

சில நாளில் விட்டார்கள். வந்து இறங்கியவள் முதலில் என் சட்டையின் கழுத்தைத்தான் பார்த்தாள், பிறகுதான் முகத்தை.

இப்போதெல்லாம் வேலை தலைக்குமேல் என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் காது குளிர்ந்துபோகிறது. தாராளமாக அலுத்துக்கொள்ளுங்கள் ஐயா, அந்த வேர்த்த சட்டையை மட்டும் இப்படிக் கழற்றிப் போடுங்கள்.